ஆயில் கூலரைப் பெரிதாக்கிய பிறகு வரும் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

சித்திரை பிறந்துவிட்டால் என் பட்டறைக்கு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடமிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, ஆயில் டெம்பரேச்சர் 125-ஐத் தாண்டுது. பெரிய கூலர் போட்டும் குறையல." மதுரையில் வெளி வெப்பம் 40 டிகிரியைத் தொடும் நாட்களில் இது வியப்பல்ல. ஆனால் அப்படி வந்த வண்டிகளைப் பிரித்துப் பார்த்தபோது, கூலர் சிறியது என்பதே காரணமாக இருந்த வண்டிகள் மிகக் குறைவு. இணைப்பு, தெர்மோஸ்டாட் (ஆயில் சூடானதும் கூலருக்கு வழி திறக்கும் வால்வு), காற்று போகும் வழி ஆகிய மூன்றில் ஒன்றில்தான் பிழை இருந்தது. ஆகவே அளந்து பார்க்காமல் அடுத்த பொருளை வாங்க வேண்டாம் என்று யாரைப் பார்த்தாலும் சொல்லிவருகிறேன்.

இந்த வழிமுறை, திருகி மாட்டும் ஆயில் ஃபில்டர் உள்ள டர்போ பெட்ரோல் எஞ்சின்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஃபில்டருக்கும் எஞ்சின் பிளாக்கிற்கும் நடுவே தெர்மோஸ்டாட் உள்ள சாண்ட்விச் பிளேட், அதிலிருந்து இரண்டு ஹோஸ்கள், முன்பம்பருக்குப் பின்னால் அடுக்குத் தகட்டுக் கூலர் என்பதே வழக்கமான அமைப்பு. மூடிக்குள் தாள் ஃபில்டர் வைக்கும் எஞ்சின்களுக்கு அந்தந்த மாடலுக்கென்றே செய்த அடாப்டர் வேண்டும். மற்றச் சோதனைகள் அனைத்தும் அவற்றுக்கும் பொருந்தும்.

தொடங்கும் முன்

டெம்பரேச்சர் கன், கறுப்பு இன்சுலேஷன் டேப், திருகி மாட்டும் ஆயில் பிரஷர் கேஜ், டார்க் ரெஞ்ச், பெரிய அட்டை ஒன்று, நல்ல டார்ச் ஆகியவை கையில் இருக்க வேண்டும். கறுப்பு டேப் எதற்கு என்று பலர் கேட்பார்கள். பளபளக்கும் அலுமினியத்தின் மேல் டெம்பரேச்சர் கன்னை நேராகக் காட்டினால் அது உண்மையான சூட்டைவிடப் பல டிகிரி குறைத்துக் காட்டும். அளக்கும் இடத்தில் கட்டைவிரல் அகலத்திற்கு டேப்பை ஒட்டி, அந்த டேப்பின் மேல் அளந்தால்தான் எண் நம்பத்தக்கதாக இருக்கும்.

வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் நுழையக் கூடாது. ஸ்டாண்டு கொடுக்க வேண்டும். 110 டிகிரியில் இருக்கும் ஆயில் தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும், ஆகவே எந்த இணைப்பையும் கழற்றுமுன் வண்டி நன்றாக ஆறட்டும். எஞ்சின் ஓடும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால், எந்த இடமாக இருந்தாலும் ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். பட்டறை இன்னும் 2 கிலோமீட்டர்தான் என்று ஓட்டிவந்து கிராங்க் (எஞ்சினின் சுழல்தண்டு) பேரிங்கைத் தின்றுவிட்ட வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

சோதனை ஓட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒரே தடத்தில் செய்யுங்கள். நான் பிற்பகல் 2 மணிக்கு மேல் மாட்டுத்தாவணியிலிருந்து ரிங் ரோடு வழியாகக் கப்பலூர் வரை ஒரே சீராக ஓட்டி ஓர் எண்ணையும், அங்கிருந்து விருதுநகர் பக்கம் நான்குவழிச் சாலையில் நிலையான வேகத்தில் ஓட்டி ஓர் எண்ணையும் குறித்துக்கொள்வேன். ஏற்றத்தில்தான் தொல்லை என்றால் சிறுமலை; அதன் 18 கொண்டை ஊசி வளைவுகளில் காற்றோட்டமும் குறைவு, எஞ்சினுக்குச் சுமையும் அதிகம்.

அறிகுறி: பெரிய கூலர் போட்ட பிறகும் ஆயில் சூடு குறையவில்லை

சாதாரணச் சாலையில் 90 முதல் 110 டிகிரி வரை இருப்பது நல்ல நிலை. நல்ல முழு சிந்தடிக் ஆயிலில், மலையேற்றத்தின்போது சிறிது நேரம் 120-ஐத் தாண்டுவதும் பொறுத்துக்கொள்ளத் தக்கதே. 130-இல் நின்றுவிட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படியும் இறங்காமல் மேலே போனால் நிறுத்த வேண்டும். உங்கள் வண்டி 105-இல் ஓடிக்கொண்டிருந்தால் அதில் கோளாறு ஏதும் இல்லை, சரிசெய்யவும் ஒன்றும் இல்லை.

*முதலில், எண் உண்மையா?* சென்சார் கூலருக்கு முன்பா, பின்பா, சம்ப்பிலா (எஞ்சின் அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) என்பதைப் பொறுத்து ஒரே நேரத்தில் 10 முதல் 20 டிகிரி வரை வேறுபாடு தெரியும். சம்ப்பில் அளந்த நண்பரின் எண்ணோடு, சாண்ட்விச் பிளேட்டில் அளந்த உங்கள் எண்ணை ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலான சென்சார்களில் சூடு ஏற ஏற மின்தடை குறையும். ஆகவே கேஜுக்குப் போகும் ஒயர் எங்காவது உரசி, தோல் கிழிந்து பாடியில் பட்டால் முள் உச்சிக்கு ஓடிவிடும். மேடு பள்ளத்தில் முள் குதித்தால் அந்த ஒயரைத்தான் பார்க்க வேண்டும். சென்சார் உடலில் டேப் ஒட்டி டெம்பரேச்சர் கன்னால் அளந்து, கேஜோடு ஒப்பிட்டுவிட்டு அடுத்த படிக்குப் போங்கள்.

*அடுத்து, கூலரின் இரு வாய்களையும் அளக்கவும்.* கேஜ் 105-க்கு மேல் காட்டும்வரை ஓட்டிவிட்டு, நிறுத்திய உடனே ஆயில் உள்ளே வரும் வாயிலும் வெளியே போகும் வாயிலும் டேப்பின் மேல் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். இதற்குப் பிறகு வழி நான்காகப் பிரிகிறது.

*இரு வாயும் ஆறிப்போய் இருந்தால்:* ஆயில் கூலருக்குப் போகவே இல்லை. தெர்மோஸ்டாட் மூடியிருக்கும்போதும் சிறிதளவு ஆயில் கூலருக்குள் ஓடும்படிதான் பெரும்பாலான பிளேட்டுகள் செய்யப்பட்டுள்ளன. ஆகவே இலேசான வெதுவெதுப்பைக் கண்டு அது திறந்துவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். செலவில்லாத சோதனை உண்டு. பிளேட்டிலிருந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, ஒரு பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, உள்ளே ஒரு வெப்பமானியையும் தொங்கவிடுங்கள். இவ்வகைப் பிளேட்டுகளில் வருபவை பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டித் திறக்கும். தண்ணீர் கொதித்த பிறகும் தண்டு நகரவில்லை என்றால் அதை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.

தண்டு நன்றாக நகர்ந்தும் வண்டியில் திறக்கவில்லை என்றால், அது உட்காரும் குழியைப் பாருங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு வண்டியில், வேறொரு பட்டறையில் மரைக்குச் சுற்றிவிட்ட வெள்ளை டெஃப்லான் டேப் நூல்நூலாகப் பிய்ந்து, தெர்மோஸ்டாட் தண்டைச் சுற்றி நூற்கண்டு போல இறுகியிருந்தது. நான் ட்வீசரால் பிடித்து இழுத்தபோது விரல் நீளத்திற்கு வந்துகொண்டே இருந்தது. அதன் ஒரு துணுக்கு எஞ்சினுக்குள் ஏதேனும் ஒரு சிறு ஆயில் துளையில் போய் அடைத்திருந்தால் அந்த எஞ்சின் போயிருக்கும். ஆயில் ஹோஸ் இணைப்பு எதிலும் டெஃப்லான் டேப்போ சிலிகான் பேஸ்ட்டோ வைக்கவே கூடாது. கூம்பு முகத்தாலோ ஓ ரிங்காலோ அடைபடும்படி செய்யப்பட்ட இணைப்புக்கு அவற்றால் பயனில்லை, ஆபத்து மட்டுமே உண்டு.

*ஒரு வாய்க்கும் மற்றொன்றுக்கும் 40 டிகிரி போல வேறுபாடு இருந்தால்:* கூலர் மிக நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ வேண்டாம். ஆயில் மிகக் குறைவாக, மெதுவாக ஓடுகிறது என்பதே இதன் பொருள். ஹோஸ் எங்காவது மடிந்திருக்கும், அல்லது தெர்மோஸ்டாட் பாதி திறந்து நின்றிருக்கும். முன்சக்கர வளைவைச் சுற்றிப் போகும் இடத்தில், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி வைத்து ஹோஸைப் பாருங்கள். நேராக நிற்கும்போது மடிப்புத் தெரியாது. அடுத்தடுத்துப் போட்ட 90 டிகிரி முனைகளும் ஓட்டத்தைத் தடுக்கும். முடிந்த இடத்தில் 45 டிகிரி முனை போடுங்கள்.

*இரண்டுக்கும் 10 முதல் 20 டிகிரி வேறுபாடு இருந்தால்* கூலர் தன் வேலையைச் செய்கிறது. *இரண்டும் ஏறக்குறைய ஒரே சூட்டில் கொதித்தால்* ஆயில் நன்றாகப் போகிறது, காற்றுதான் போகவில்லை. மிகுதியாக வருவது இந்தக் கடைசி வகைதான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

காற்று எளிய வழியையே தேடும். கூலரின் மெல்லிய தகடுகளுக்கிடையே நுழைவதைவிட, கூலருக்கும் பம்பருக்கும் நடுவே இருக்கும் இரண்டு விரல் சந்து வழியே வெளியேறுவது அதற்கு எளிது. ஆகவே பம்பர் வாயிலிருந்து கூலர் முகம் வரை நான்கு பக்கமும் மூடிய ஒரு பெட்டி வேண்டும். முதலில் அட்டையால் செய்து டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஒரு நாள் ஓட்டத்திற்கு அட்டை தாங்கும். பலன் தெரிந்தால் அதே அளவில் அலுமினியத் தகட்டில் செய்துகொள்ளலாம். எண்ணெய் ஊறாத பஞ்சுப் பட்டையை ஓரங்களில் ஒட்டி மீதிச் சந்துகளை அடைக்கவும். பம்பரில் திறப்பு கூலரின் முகப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே போதும், ஓரம் மூடியிருந்தால்.

உள்ளே வந்த காற்று வெளியேற வழி இருக்கிறதா என்பதைப் பலர் பார்ப்பதே இல்லை. சக்கரத்திற்கு முன்னால் மூலையில் கூலரை வைத்துவிட்டு, அதன் பின்னால் இருக்கும் பிளாஸ்டிக் லைனரை முழுதாக மூடிவைத்தால் காற்று அங்கேயே தேங்கி நிற்கும். லைனரில் திறப்பு வெட்டி, கல் அடிக்காதபடி கம்பி வலை போட வேண்டும். வெட்டுவதற்கு முன் சக்கரத்தை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, டயர் எதுவரை வருகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருமுறை 19 தகட்டு வரிசைக் கூலரை 25 வரிசையாக மாற்றியும் பலனில்லை என்று ஒருவர் கே.கே. நகரிலிருந்து வந்தார். பம்பரைக் கழற்றும் முன், முன்னால் குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். நம்பர் பிளேட் பம்பர் வாயின் பாதியை மறைத்துக்கொண்டு, நேராகக் கூலரின் நடுவில் நிழல் போட்டுக்கொண்டிருந்தது. பிளேட்டை ஒரு சட்டம் வைத்து மேலே உயர்த்தி, ஓரச் சந்துகளைப் பஞ்சால் அடைத்து, அதே ரிங் ரோட்டில் அதே நேரத்தில் ஓட்டியபோது 124 இருந்த இடத்தில் 109 காட்டியது. அவர் பழைய கூலரை விற்றிருக்க வேண்டியதே இல்லை. (நம்பர் பிளேட்டை இடம் மாற்றலாமே தவிர மறைக்கவோ, சாய்க்கவோ கூடாது.)

அறுவடைக் காலத்தில் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் அடிக்கடி போய்வரும் வண்டிகளில் சாலையில் காயப்போட்ட நெல்லின் தூசும் பதரும் தகடுகளுக்குள் போய் அப்பிக்கொள்ளும். பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் பிடித்து அடித்தால் தகடுகள் மடிந்து, காற்றுக்கு நிரந்தரமாக வழி அடைபடும்.

*நகர நெரிசலில் மட்டும் சூடேறினால்:* சிம்மக்கல்லிலும் பெரியார் பேருந்து நிலையப் பக்கமும் ஊர்ந்து போகும்போது காற்று என்பதே இல்லை. எவ்வளவு பெரிய கூலராக இருந்தாலும் அங்கே உதவாது. சிறு மின்விசிறி ஒன்றை ரிலே, ஃபியூஸ், வெப்ப ஸ்விட்சுடன் கூலருக்குப் பின்னால் பொருத்துவதே வழி.

*இத்தனைக்குப் பிறகும் குறையவில்லை என்றால்,* ஆயில் அளவைப் பாருங்கள். குறைந்திருந்தாலும் கேடு, கூடியிருந்தாலும் கேடு. மிகுதியாக ஊற்றிய ஆயிலை கிராங்க் அடித்து நுரையாக்கும், நுரைத்த ஆயில் சூட்டைக் கடத்தாது. அதன் பிறகுதான் கூலரின் அளவைப் பற்றி யோசிக்க வேண்டும். அளவையும் கூட்டிய பின் 130-இல் நின்றால், சூடு எங்கிருந்து பிறக்கிறது என்பதை நல்ல எஞ்சின் மெக்கானிக்தான் கண்டுபிடிக்க வேண்டும். கூடுதல் பூஸ்ட் டியூனிங் செய்திருந்தால் அதை மறைக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

அறிகுறி: ஆயில் கசிகிறது

சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடும். எல்லாவற்றையும் துடைத்துக் காயவைத்து, இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவி, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டிவிட்டுப் பாருங்கள். பவுடர் முதலில் நனையும் இடமே கசியும் இடம். சூடான டர்போ அல்லது சைலன்சர் குழாயின் மேல் ஆயில் சொட்டுவதாகத் தெரிந்தால் எஞ்சினை ஓட்டாதீர்கள், தீப்பிடிக்கும்.

*சாண்ட்விச் பிளேட்டைச் சுற்றி என்றால்:* பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன் மேல் புதியது உட்கார்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பிளேட்டின் முகம், பிளாக்கில் நீட்டிக்கொண்டிருக்கும் ஏதேனும் விளிம்பில் மோதிச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது நடுப்போல்ட்டின் மரை. 3/4 அங்குலம், அங்குலத்திற்கு 16 மரை என்பது விட்டம் 19.05 மி.மீ.; எம்20 × 1.5 என்பது 20 மி.மீ. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஃபில்டர் பாதி ஏறிப் பிடித்துக்கொண்டால், அதை இறுக்கி ஏற்றாமல் கழற்றி அளந்து பாருங்கள்.

*ஹோஸ் முனை கூலரோடு சேரும் இடத்தில் என்றால்:* நம் ஊரில் மிகுதியாக ஏமாறும் இடம் இது. ஏஎன்-10 என்ற அங்குல அளவு ஹோஸின் நட் 7/8 அங்குலம், அங்குலத்திற்கு 14 மரை கொண்டது, விட்டம் 22.2 மி.மீ., மரைகளுக்கிடையே 1.81 மி.மீ. கூலரின் வாய் பல மாடல்களில் எம்22 × 1.5; விட்டம் 22 மி.மீ., மரைகளுக்கிடையே 1.5 மி.மீ. ஒன்றில் ஒன்று கையாலேயே இரண்டு சுற்று ஏறும், மூன்றாவது சுற்றில் கனக்கும். அந்தக் கனத்தை "நல்லா டைட் ஆகுது" என்று எண்ணி ஸ்பேனரால் இழுத்தால் கூலரின் அலுமினிய மரை சீவப்பட்டுவிடும். சரியான மரை இறுதிவரை விரலாலேயே ஓட வேண்டும். ஐயம் வந்தால் மரை அளக்கும் தகட்டை வைத்துப் பாருங்கள். தகட்டின் பற்களுக்கும் மரைக்கும் நடுவே டார்ச் வெளிச்சம் தெரிந்தால் அது வேறு மரை.

அவசரத்திற்குக் கப்பலூர்ப் பக்கம் ஜேசிபிக்கு ஹோஸ் பிரஸ் செய்து தரும் ஹைட்ராலிக் கடைகளில் ஹோஸ் செய்துகொள்ளலாம், நானும் செய்திருக்கிறேன். ஏஎன் முனையின் கூம்புக் கோணம் 37 டிகிரி. ஹைட்ராலிக்கில் ஜேஐசி என்று சொல்லும் முனைக்கும் அதே கோணம் என்பதால் அது பொருந்தும். பிஎஸ்பி முனை 60 டிகிரி கூம்பு, அது பொருந்தாது. கடைக்குப் போகும்போது கூலரையும் பழைய முனையையும் கையிலேயே எடுத்துப் போய், "அண்ணே, ஜேஐசி 37 டிகிரி, பத்தாம் நம்பர்" என்று கேளுங்கள். ஹோஸின் வெப்பத் தாங்கு அளவையும் கேட்டறிய வேண்டும். சாதாரண ஹைட்ராலிக் ஹோஸ்கள் பலவும் 100 டிகிரி வரைக்கு மட்டுமே ஆனவை; எஞ்சின் ஆயிலுக்கு நிரந்தரமாகப் போடுவதென்றால் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும் ஹோஸைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

எந்த முனையை இறுக்கினாலும் இரண்டு ஸ்பேனர் பயன்படுத்துங்கள்: ஒன்று கூலரின் கழுத்தைப் பிடித்திருக்க, மற்றொன்று நட்டைத் திருப்பட்டும். ஒற்றை ஸ்பேனரால் இறுக்கினால் கழுத்து முறுகி, பிரேசிங் செய்து (உலோகம் உருக்கி) ஒட்டிய இடத்தில் முடி அளவு விரிசல் விழும். அது அன்றைக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து நெடுஞ்சாலையில் தெரியும்.

*கூலரின் உடலிலேயே கசிந்தால்* மாற்ற வேண்டியதுதான். அலுமினிய வெல்டிங் வைத்து ஓட்டலாம் என்று ரேடியேட்டர் கடைகளில் சொல்வார்கள். ஆயில் ஊறிய அலுமினியத்தில் வெல்டிங் நிற்பது அரிது. உள்ளே விழும் துகளைக் கழுவவும் முடியாது. ஏன் விரிசல் விழுந்தது என்பதையும் பார்த்துவிட்டே புதியதைப் போடுங்கள். ரப்பர் புஷ் இல்லாமல் நேராகப் பாடியில் போல்ட் போட்டிருப்பார்கள், அல்லது தகடுகளுக்குள்ளே கேபிள் டை நுழைத்துக் கட்டியிருப்பார்கள்.

அறிகுறி: ஆயில் அழுத்தம் குறைவு, அல்லது விளக்கு அணையத் தாமதமாகிறது

*கூலர் போட்ட அன்றே என்றால்* கணக்குப் போட்டுப் பாருங்கள். 14 மி.மீ. உள்விட்டமுள்ள ஹோஸ் 2 மீட்டர் இருந்தால் அதற்குள்ளேயே 300 மில்லி ஆயில் பிடிக்கும், கூலர் தனி. கையேட்டில் சொன்ன அளவு மட்டும் ஊற்றியிருந்தால் சம்ப்பில் அந்த அளவு குறைவாக இருக்கும். கூலரைப் பொருத்துமுன் அதில் ஆயிலை நிரப்பிக்கொண்டு, ஃபியூயல் பம்ப் ஃபியூஸைக் கழற்றிவிட்டு, 10 வினாடிக்கு மேற்படாமல் இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டர் மோட்டாரால் எஞ்சினைச் சுற்றவிட்டு, விளக்கு அணைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். தெர்மோஸ்டாட் திறக்கும் அளவிற்கு ஓட்டி, நிறுத்தி, 10 நிமிடம் கழித்து அளவைப் பார்த்து நிரப்பவும்.

*இரவு நின்று காலையில் மட்டும் விளக்கு தாமதமானால்* கூலர் எஞ்சினுக்கு மேலான உயரத்தில் இருக்கிறதா, ஃபில்டரின் உள்ளே திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். கூலரின் வாய்கள் கீழ்நோக்கி இருந்தால் மேல் தட்டுகளில் காற்று தங்கும். மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வைப்பது நல்லது.

*சூடான பிறகு மட்டும் அழுத்தம் குறைந்தால்* கேஜை நேராக பிளாக்கில் மாட்டி அளக்க வேண்டும்; டேஷ்போர்டு எண்ணை வைத்து முடிவு சொல்ல முடியாது. ஆயிரம் ஆர்பிஎம்முக்கு ஏறக்குறைய 0.7 பார் என்பது பழைய கைக்கணக்கு. இப்போதைய எஞ்சின்கள் சிலவற்றில் இரண்டு நிலை ஆயில் பம்ப் இருப்பதால், குறைந்த ஆர்பிஎம்மில் வேண்டுமென்றே அழுத்தத்தைக் குறைத்து வைத்திருக்கும். ஆகவே அந்த மாடலின் கையேட்டு எண்ணே தீர்ப்பு. எண் குறைவாக வந்தால் ஆயில் கிரேடு சரியா என்று பார்த்து, பிறகு ஒரே ஒரு சோதனை செய்யுங்கள்: கூலரையும் சாண்ட்விச் பிளேட்டையும் நீக்கிவிட்டு ஃபில்டரை நேராக மாட்டி, மீண்டும் அளக்கவும். அழுத்தம் திரும்பினால் தடை கூலர் பக்கத்தில் இருக்கிறது. திரும்பாவிட்டால் பம்ப் அல்லது பேரிங்; இதற்கு மேல் வீட்டில் செய்யத்தக்கது ஒன்றுமில்லை, வண்டியை டோ வண்டியில் ஏற்றி அனுப்புங்கள்.

அறிகுறி: கூலண்ட் டப்பாவில் ஆயில் மிதக்கிறது

பல ஸ்போர்ட்ஸ் கார்களில் கம்பெனி வைத்த, கூலண்டால் குளிரும் சிறு ஆயில் கூலர் ஒன்று பிளாக்கை ஒட்டியே இருக்கும். புதிய கூலர் போடும்போது அதைத் தொடாமல் விட்டிருப்பார்கள். அதன் உள்தகடு ஓட்டையானால், ஓடும்போது அழுத்தம் அதிகமுள்ள ஆயில் கூலண்டிற்குள் போகும். எஞ்சினை நிறுத்திய பிறகு ஆயில் அழுத்தம் இறங்கிவிட, இன்னும் அழுத்தத்தில் இருக்கும் கூலண்ட் ஆயிலுக்குள் போகும். டிப்ஸ்டிக்கில் காப்பி நிறத்தில் குழைந்த ஆயில் தெரிந்தால் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ஹெட் கேஸ்கெட்தான் போய்விட்டது என்று ஹெட்டைக் கழற்றுமுன், இந்தச் சிறு கூலரைத் தனியே கழற்றிக் காற்று அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் முக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். ஹெட் வேலையின் செலவில் இது சிறு பகுதிதான். இரண்டு வழிகளையும் முழுதாகக் கழுவ வேண்டியிருப்பதால் இந்த வேலை பட்டறைக்கே உரியது.

அறிகுறி: ஆயில் சூடு குறைந்தது, கூலண்ட் சூடு ஏறிவிட்டது

புதிய கூலரை ரேடியேட்டருக்கு நேர் முன்னால் தொங்கவிட்டிருப்பார்கள். ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், ஆயில் கூலர் என்று மூன்றைக் கடந்து வரும் காற்று ரேடியேட்டருக்கு வரும்போதே சூடாகிவிடும். ஏசியை நிறுத்தி அதே தடத்தில் ஓட்டிப் பாருங்கள். கூலண்ட் இறங்கினால் காரணம் இதுவே. கூலரை மூலைக்கு மாற்றித் தனிக் காற்றுப் பெட்டி கொடுப்பதே தீர்வு. சில சென்டிமீட்டர் தள்ளிவைத்தால் சரியாகிவிடும் என்று முயன்று பார்த்ததில் எனக்குப் பலன் கிடைத்ததில்லை. இறங்கவில்லை என்றால் பழைய கூலண்ட், ரேடியேட்டர் மூடி, விசிறி என்று வழக்கமான வரிசையில் பாருங்கள்.

அறிகுறி: ஆயில் சூடாகவே மாட்டேன் என்கிறது

தெர்மோஸ்டாட் இல்லாத மலிவான பிளேட் போட்டிருந்தால் மார்கழிக் காலையில் 20 நிமிடம் ஓட்டியும் 70-ஐத் தாண்டாது. ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போலப் படிந்திருக்கும். ஆயிலில் கலந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகிப் போக வாய்ப்பில்லாததன் அடையாளம் அது. தெர்மோஸ்டாட் உள்ள பிளேட்டாக மாற்றுங்கள். தெர்மோஸ்டாட் இருந்தும் இப்படி என்றால் அது திறந்த நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று. ஒற்றை ஒயர் சென்சாரின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் எர்த் சரியாகக் கிடைக்காமல், உண்மையான சூட்டைக் குறைத்துக் காட்டும். 125-இல் கொதிக்கும் ஆயிலை 95 என்று காட்டும் கேஜ், கேஜ் இல்லாததைவிடக் கேடானது. டெம்பரேச்சர் கன்னால் ஒப்பிடாமல் குறைந்த எண்ணை நம்பாதீர்கள்.

அறிகுறி: பழைய ஆயிலில் மினுமினுப்பு

ஆயில் மாற்றும்போது ஃபில்டரை வெட்டி, உள்ளே இருக்கும் தாளை விரித்து வெயிலில் காட்டிப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் பொடி ஒருவகை. காந்தத்தில் ஒட்டாமல் செம்பு அல்லது வெள்ளி நிறத்தில் மின்னும் செதில் பேரிங்கிலிருந்து வருவது. செதிலைக் கண்டவுடன் வண்டியை நிறுத்தி, எஞ்சின் வேலை செய்பவரிடம் அந்தத் தாளையே கொண்டுபோய்க் காட்டுங்கள்; கூடவே தேதி, தடம், ஆயில் சூடு, அழுத்தம் ஆகியவற்றைக் குறித்த நோட்டையும் கொடுங்கள்.

எஞ்சினைப் பிரித்துச் சரிசெய்தாலும் ஆயில் கூலரைத் திரும்பப் பொருத்த அனுமதிக்காதீர்கள். அடுக்குத் தகடுகளுக்குள் தங்கிய செதில்களை மண்ணெண்ணெய் ஊற்றிக் குலுக்கினாலும், காற்று அடித்தாலும் முழுதாக எடுக்க முடியாது. புதுப் பேரிங்குகள் போட்ட எஞ்சினுக்குள் முதல் ஓட்டத்திலேயே அவை திரும்பி வரும். கூலரோடு இரண்டு ஹோஸ்களையும், தெர்மோஸ்டாட்டையும் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். பிளேட்டை மட்டும் பிரித்து, ஒவ்வொரு துளையிலும் டார்ச் அடித்துப் பார்த்துக் கழுவி மீண்டும் பயன்படுத்தலாம்.